‘அங்க’ன்னா எங்க?

“‘அங்க’ன்னா எங்க? பகாவ்லயா, ரொம்பின்லயா?”

பார்மசி அக்காவை நினைத்தால் எனக்கு முதலில் இந்தக் கேள்விதான் காதில் விழும். ரொம்பின் எங்கள் பக்கத்து ஊர். பகாவ் நாங்கள் சாமான் வாங்கப் போகும் ஊர். அந்த ஊர்ப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு துணிக்கடைக்கும் சைவச் சாப்பாட்டுக் கடைக்கும் நடுவில் இருந்தது அந்த மருந்துக்கடை. முதலாளி ஒரு சீன அம்மா. அவர்தான் படித்த பார்மசிஸ்ட். உள்ளே கண்ணாடி அறையில் உட்கார்ந்து மருந்துச் சீட்டுகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். வெளியே கவுண்டரில் நின்று, சுற்றுவட்டாரச் செம்பனைத் தோட்டங்களிலிருந்து வரும் எங்களையெல்லாம் சமாளித்தது அக்காதான்.

ஆள் குள்ளம். அப்போது முப்பத்தைந்து முப்பத்தாறு வயது இருக்கும். கழுத்தில் மெல்லிய சங்கிலியில் ஒரு சிலுவை, காதுக்கு மேல் செருகிய ஒரு பேனா. சொந்த ஊர் மந்தின். கல்யாணம் கட்டி பகாவ் வந்தவர். ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பாட்டுக்குழுவில் பாடுவார். அவரை மட்டும் மைக்கிலிருந்து நாலடி தள்ளி நிறுத்துவார்களாம், இல்லையென்றால் மற்றவர்கள் பாடுவது கேட்காதாம். இதை அவரே பெருமையாகச் சொல்வார். அந்தக் குரலைத்தான் கடையிலும் வைத்திருந்தார். கடைக்கென்று தனியாக ஒரு சின்னக் குரல் அவரிடம் இல்லை.

எங்கள் தோட்டத்து ஆட்கள் மருந்துக்கடைக்கு வந்தால் வியாதியைச் சொல்வார்கள், இடத்தைச் சொல்லமாட்டார்கள். “அங்க அரிக்குது.” “கீழ ஒரு மாதிரி இருக்கு.” அதைக் கேட்டு ஒரு குழாய் மருந்தை எடுத்து நீட்டிவிட அக்காவால் முடியாது. எங்கே என்று தெரியாமல் ஒரு பஞ்சைக்கூடக் கொடுக்கமாட்டார்.

ஒருமுறை செம்பனைக் குலை ஏற்றும் லோரிக்காரர் ஒருவர் எனக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். ஆறடி ஆள். தோளில் துண்டு, மணிக்கட்டில் தடித்த செம்புக் காப்பு.

“பின்னாடி வலிலா. ஏதாச்சும் கிரீம் குடுங்க.”

“பின்னாடின்னா? பெடறியா, முதுகா, ஆசனவாயா?”

கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தோம். லோரிக்காரர் திடீரென்று விட்டமின் மாத்திரை அலமாரியைப் பக்தியோடு பார்க்க ஆரம்பித்தார். அக்கா காத்திருந்தார். காத்திருப்பதில் அவரை யாரும் வெல்ல முடியாது.

“கடைசியா சொன்னீங்களே, அது” என்றார் லோரிக்காரர்.

“நாள் முழுக்க உக்காந்து ஓட்டுறீங்க, வராம என்ன செய்யும்? ரத்தம் போகுதா?”

அவர் தலையை லேசாக அசைத்தார்.

“அப்ப என்கிட்ட நிக்காதீங்கண்ணே. நேரா கிளினிக்குக்குப் போங்க. வெக்கப்பட்டுத் திரும்பி வந்தீங்கன்னா நானே லோரில ஏறிக் கூட்டிட்டுப் போவேன்.”

அவர் போனார். ரம்புத்தான் காய்த்த மாதம் ஒரு பை நிறையப் பழத்தைக் கொண்டுவந்து, ஒரு வார்த்தை பேசாமல் கவுண்டரில் வைத்துவிட்டுப் போனார். அக்கா கடைக்கு வந்த எல்லாருக்கும் பிரித்துக் கொடுத்தார். யார் கொடுத்தது, எதற்குக் கொடுத்தார் என்று மட்டும் சொல்லவில்லை. அது ஒரு விசித்திரம். ஊரே கேட்கும்படி கேள்வி கேட்பார். கேட்டதைப் பிறகு யாரிடமும் பேசமாட்டார்.

ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டேன். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் ஒரு பெரியவர் வந்து முகத்துப் பக்கம் கையைக் காட்டி, “சொட்டு மருந்து” என்றாராம். அக்கா காதுக்கான சொட்டு மருந்தைக் கொடுத்தார். அவர் கண்ணில் விட்டுக்கொண்டார். மறுநாள் தக்காளிப் பழம் மாதிரி ஒரு கண்ணோடு கவுண்டருக்கு முன்னால் நின்றார். நல்லவேளை, மூன்று நாளில் சரியானது. “அவரு ஒன்னும் திட்டலம்மா. ‘பரவால்ல, இன்னொரு கண்ணு இருக்கு’ன்னாரு. அன்னைக்கு முடிவு பண்ணேன், இனிமே இடம் தெரியாம மருந்து இல்லன்னு.”

தோல் விஷயத்தில் இன்னும் கண்டிப்பு. மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொண்டுவந்த சின்ன வெங்காயத்தை ஒருமுறை என் முன்னால் உரித்துக் காட்டினார். “உள்ளங்கால் தோலு வாழைக்காய்த் தோலு மாதிரி. முதுகு மாங்காய்த் தோலு. இடுக்குல இருக்குது பாரு, அது இந்த வெங்காயத்துக்குள்ள இருக்க சவ்வு. வாழைக்காய்க்கு எடுத்த கத்திய இதுமேல வைப்பியா?”

அந்தப் பாடம் எனக்குத் தேவைப்பட்ட பாடம்தான். கொஞ்சம் தாமதமாக வந்தது.

எனக்குப் பத்தொன்பது வயதில் ஒரு விபத்து நடந்தது. வாரச்சந்தை முடிந்து அப்பாவின் வேனில் தோட்டத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். இங்கே தே தாரிக்கை, அதாவது இழுத்து ஆற்றிய பால் டீயை, சூடாகப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி, வாயைச் சுருக்கி ரப்பர் வளையம் போட்டுக் கொடுப்பார்கள். அப்படி இரண்டு பொட்டலம் என் மடியில் இருந்தது. தோட்ட நுழைவாயிலில் புதிதாக ஒரு வேகத்தடை போட்டிருந்தார்கள். அப்பா அதைப் பார்க்கவில்லை. வேன் எகிறி விழுந்ததில் இரண்டு பொட்டலமும் ஒரே நேரத்தில் வெடித்தன. வீட்டுக்கு ஓடிப் போனதும் அம்மா பதற்றத்தில் பற்பசையை எடுத்துத் தடவினார். தண்ணீர்தான் ஊற்றியிருக்க வேண்டும் என்று பிறகு தெரிந்தது.

புண் ஆறியது, கறுப்பு தங்கிவிட்டது. வலது தொடை இடுக்கில் தொடங்கி அடிவயிற்று ஓரம் வரை ஓர் உள்ளங்கை அகலத் திட்டு. நடுவில் கரி நிறம், ஓரத்தில் கத்தரிப்பூ நிறம். யார் கண்ணிலும் படாத இடம். ஆனாலும் நான் அதைப் பார்க்காமலே குளிக்கப் பழகியிருந்தேன். தோழிகளோடு அருவிக்குப் போனால், கரையில் உட்கார்ந்து எல்லாருடைய பைகளுக்கும் காவல் இருப்பேன். எனக்குத் தண்ணீர் என்றால் பயம் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். நானும் மறுக்கவில்லை.

இருபத்தாறு வயதில், தோட்ட அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தபோது, எனக்கு நிச்சயமானது. மாப்பிள்ளைக்கு சிரம்பான் நகரத்தில் லோபாக் பகுதி. வீடு வீடாகப் போய்க் குளிர்சாதனம் பழுதுபார்க்கிற வேலை. நிச்சயம் முடிந்த மறுநாளே அம்மா கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்.

“கல்யாணத்துக்குள்ள அத எப்படியாச்சும் போக்கிரணும். மாப்பிள்ளை வீட்டுல பாத்தா என்ன நெனைப்பாங்க?”

“மாப்பிள்ளை வீட்டுல யாரும்மா அத வந்து பாக்கப்போறா?”

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். “அவரு பாப்பாருல்ல.”

அடுத்த சனிக்கிழமை மருந்துக்கடைக்குப் போனேன். நல்ல கூட்டம். தழும்புக் கறுப்பு போக ஒரு கிரீம் வேண்டும் என்றேன். எங்கே என்று கேட்டார். அங்கே என்றேன். பகாவா ரொம்பினா என்று கேட்டார். கவுண்டர்மேல் குனிந்து, வாயைக் கையால் மறைத்து, காற்றைவிட மெல்லிய குரலில் சொன்னேன்.

“தொடை இடுக்குலயா?” என்றார் அக்கா, பாட்டுக்குழுவில் பாடுகிற குரலில். “எத்தன வருஷத் தழும்பு? தீக்காயமா, கட்டி வந்ததா?”

திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால், கையில் இருமல் மருந்துப் புட்டியோடு எங்கள் லயத்து வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோரின் மனைவி நின்றுகொண்டிருந்தார். புட்டியில் ஒட்டியிருந்த தாளைப் படிப்பதுபோல் பாவனை. எழுத்துகள் தலைகீழாக இருந்தன.

நான் வெளியே நடந்தேன். “ஏம்மா, நில்லுமா, இடுக்குன்னா சும்மா எதையும் போடக்கூடாது” என்று அக்கா வாசல் வரை வந்து கூப்பிட்டது, பேருந்து நிலையத்தில் நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும்.

இனி அந்தக் கடைப் பக்கம் போவதில்லை என்று முடிவுசெய்தேன். அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை ஒருவர், போனிலேயே அழகுக் கிரீம் விற்பவர். எங்கே என்று அவர் கேட்கவே இல்லை. அதுதான் எனக்குப் பிடித்திருந்தது. வெள்ளை டப்பா, பெயர் கிடையாது, ரோஜா வாசனை. தடவிய இரண்டாவது வாரமே ஏழு வருடக் கறுப்பு வெளுக்கத் தொடங்கியது. கதவைத் தாழிட்டுக்கொண்டு, முதல்முறையாக நான் அந்த இடத்தைக் கண்ணாடியில் நிதானமாகப் பார்த்தேன். அம்மா அந்தச் சித்திக்குப் போன் போட்டு வாழ்த்தினார்.

ஐந்தாவது வாரம் எரிச்சல் ஆரம்பித்தது. தோல் மெலிந்து, பளபளவென்று, உள்ளே சிவப்புக் கோடுகள் ஓடின. தழும்பு இல்லாத இடத்திலும் ஓடின. கிரீமை நிறுத்தினால் இன்னும் எரிந்தது. தடவினால் அரை நாள் அடங்கியது. அதனால் தடவினேன். சித்தியிடம் கேட்டால், “அழுக்கு வெளியாவுதுலா, விடாம போடு” என்றார். ஒருநாள் அலுவலகத்தில் நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியாமல் போனபோது, எனக்கு அந்தக் கடை ஞாபகம் வந்தது.

கூட்டம் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானமாகப் பார்த்துப் போனேன். கடையில் யாரும் இல்லை. அப்படியும் எனக்கு உண்மை வரவில்லை.

“முழங்கைல கிரீம் போட்டு எரிச்சலா இருக்குக்கா.”

அக்கா என் முழங்கையைப் பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்தார். பிறகு என்னை.

“முழங்கை எரிஞ்சா ஏம்மா கால அகட்டி நடந்து வர்ற?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் கவுண்டர் பலகையைத் தூக்கி என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போனார். குழந்தைகளுக்கான டயப்பர் பெட்டிகள் அடுக்கிய பின்னறையில், சீன அம்மாவையும் கூப்பிட்டு இருவருமாகப் பார்த்தார்கள். யாரும் “ஐயோ” என்று சொல்லவில்லை. அந்த ஒரு விஷயத்துக்காகவே இன்றும் நான் அவர்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறேன். சீன அம்மா நான் கொண்டுபோயிருந்த டப்பாவைத் திறந்து முகர்ந்துவிட்டு மூடினார். ஒரு கடிதம் எழுதத் தொடங்கினார்.

“நான் மருந்து தரமாட்டேன்” என்றார் அக்கா. “இனி அதுல ஒன்னத்தயும் தடவக்கூடாது. தோல் டாக்டர்தான் பாக்கணும். வியாழக்கிழமை எனக்கு லீவு. கூட்டிட்டுப் போறேன். அன்னைக்கே நின்னிருந்தா இவ்ளோ தூரம் வந்திருக்குமா?”

“நீங்க கத்தினீங்கக்கா.”

“நான் எங்க கத்தினேன்? பேசுனேன்.”

“பின்னால மண்டோர் பொண்டாட்டி நின்னாங்க.”

“நின்னா? அவங்களுக்குத் தொடை இல்லியா?”

வியாழக்கிழமை தன்னுடைய பழைய கன்சில் காரில் சிரம்பானுக்குக் கூட்டிப்போனார். டாக்டர் ஒரு மலாய் இளைஞர், பக்கத்தில் ஒரு தாதி. என்ன பிரச்சினை என்று அவர் கேட்டதும் நான் அக்காவைப் பார்த்தேன். எல்லாருக்கும் எல்லாவற்றையும் சத்தமாகச் சொல்கிறவர் இதையும் சொல்லிவிடுவார் என்று நம்பினேன். அக்கா கைகளைக் கட்டிக்கொண்டு சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்தார்.

“நீ சொல்லு. உன் ஒடம்பு, உன் வாயி.”

நானும் நாள்காட்டியைப் பார்த்தேன். பிறகு “பங்கால் பாஹா” என்றேன். மலாயில் தொடை இடுக்கு. வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது.

டாக்டர் பொறுமையாகப் பார்த்தார். டப்பாவைக் காட்டியதும் தலையை ஆட்டினார். இதில் என்ன கலந்திருக்கிறது என்று விற்றவருக்கே தெரியாது, தோலை மெலியவைக்கிற ஏதோ இருக்கிறது, உடனே நிறுத்த வேண்டும், முதலில் இன்னும் எரியும், அதற்கு மருந்து தருகிறேன் என்றார். தளர்ந்த பருத்தித் துணி போட வேண்டும், இறுக்கமான ஜீன்ஸும் உரசலும் கூடாது, தோல் தேறிய பிறகுதான் நிறத்தைப் பற்றி யோசிக்கலாம் என்றார். பழைய கறுப்பு பாதி குறையலாம், சிவப்புக் கோடுகளில் சில தங்கிவிடும்.

“மூனு மாசத்துல கல்யாணம், அதுக்குள்ள சரியாகுமா?” என்று மலாயில் கேட்டேன்.

அவர் தன்னுடைய தாள்களை ஒருமுறை அடுக்கினார். “கல்யாண வாழ்த்துகள்” என்றார்.

திரும்பும்போது புக்கிட் பூத்துஸ் மலைச்சாலை வளைவுகளில் அக்கா ஓட்டிக்கொண்டிருந்தார். பாதி மலையில் கேட்டார்.

“மலாய்ல சொல்றப்ப நாக்கு நல்லா ஓடுது. தமிழ்ல சொல்லு பாப்போம்.”

“இங்க யாருக்குக்கா சொல்றது?”

“மரத்துக்குச் சொல்லு.” கண்ணாடியை இறக்கினார். “தொடை இடுக்கு” என்று காட்டைப் பார்த்துச் சொன்னார். அவர் சொன்னது எதிர்ச்சரிவில் பட்டுத் திரும்பி வந்தது. ஓரத்தில் உட்கார்ந்திருந்த குரங்கு ஒன்று எழுந்து நின்றது.

நான் சொன்னேன். கேட்கவில்லை என்றார். மறுபடி சொன்னேன். நாலாவது தடவை அடிவயிற்றிலிருந்து வந்தது. அப்புறம் ஏனோ இருவருக்கும் சிரிப்பு பிடித்துக்கொண்டது. எரிச்சலில் அசையக்கூட முடியாத நான், காரின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, குவாலா பிலா வரும் வரை சிரித்தேன்.

இரண்டு வாரம் கழித்து லோபாக்கிலிருந்து அம்மாவுக்குப் போன் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா.

“பொண்ணுக்கு எங்கயோ ஏதோ வியாதின்னு கேள்விப்பட்டோம். ஒட்டுற வியாதின்னு சொல்றாங்க. மறைக்காம சொல்லிருங்க.”

மண்டோர் மனைவியின் தங்கை லோபாக்கில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தார். பகாவில் தழும்பாகக் கிளம்பியது, லோபாக் போய்ச் சேர்வதற்குள் வியாதியாகிவிட்டது. அம்மா போனை வைத்துவிட்டு அடுப்படியில் தரையில் உட்கார்ந்தார். அப்பா வேன் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய், எங்கும் போகாமல் வேனுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளையிடமிருந்து எனக்கு ஒரு குறுஞ்செய்தி: ‘அம்மா என்னமோ சொல்றாங்க. என்ன விஷயம்?’ இரண்டு நாள் நான் பதில் எழுதவில்லை.

மூன்றாவது நாள் அக்காவிடம் போய்ச் சொன்னேன். மாத்திரை அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார்.

“என் வாயாலயா?”

அவர் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஒருவர் வந்து, “கீழ அரிப்பு” என்றார். அக்கா எதுவும் கேட்கவில்லை. தலையைக்கூட நிமிர்த்தவில்லை. சீன அம்மா கண்ணாடி அறையிலிருந்து எழுந்து வந்து அவரைக் கவனித்து அனுப்பினார். அந்தக் கடையை அவ்வளவு அமைதியாக நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. எனக்கு அவர்மேல் கோபம் இருந்தது. அதைக் கொட்டத்தான் போயிருந்தேன். அவர் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்ததும், அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு கவுண்டரில் ஓர் அட்டை மனிதன் வந்து நின்றான். மருந்துப் பெட்டி அட்டையில் அக்காவே வெட்டியது. முன்பக்கம், பின்பக்கம் இரண்டும் வரைந்திருந்தார். நூலில் கட்டிய பேனா. மூன்று மொழியில் எழுதியிருந்தது: ‘சொல்ல முடியவில்லை என்றால் காட்டுங்கள்.’ ஆண்கள் முதலில் பேனாவை முழங்காலில் வைத்து, எங்கோ பார்த்தபடி மெதுவாக மேலே நகர்த்துவார்கள். ஒரு மாதத்தில், மை பட்டுப் பட்டு அட்டை மனிதனின் இடுக்கு கறுத்துப்போனது. வேறு அட்டை வெட்டவேண்டியதாயிற்று. ஆனாலும் வாயைத் திறந்து சொல்கிறவர்களைத்தான் அக்காவுக்குப் பிடிக்கும். அவர்களுக்கு ஒரு புன்னகை கூடுதலாகக் கிடைக்கும்.

என் தோல் தேற நாலு மாதம் ஆனது. அதன் பிறகு டாக்டர் கொடுத்த லேசான கிரீமை, அவர் சொன்ன அளவில், ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டுவந்தேன். வெயிலுக்குப் போடும் கிரீமும் போடவா என்று ஒருமுறை அக்காவிடம் கேட்டேன். “அங்க எப்பம்மா வெயிலு அடிக்குது?” என்றார். ஒன்றரை வருடத்தில் கறுப்பு பாதிக்கு மேல் குறைந்தது. மீதி இருக்கிறது, கோடுகளும் இருக்கின்றன. குளிக்கும்போது கண்ணில் படும், சோப்பு போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பேன். போன வருடம் அருவியில் இறங்கினேன். எனக்கு நீச்சல் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது.

அக்காவின் வீட்டுக்காரருக்கு ஜொகூர் பக்கம் வேலை மாறியதில், அவர்களும் போய்விட்டார்கள். கொஞ்ச நாள் போனில் பேசினோம், அப்புறம் எண் மாறிவிட்டது. மந்தினுக்கே திரும்பி வந்து ஏதோ கிளினிக்கில் இருப்பதாக ஒருவர் சொன்னார். அந்த வழியாகப் போகும்போது இரண்டு முறை இறங்கி விசாரித்தேன். கிடைக்கவில்லை. பகாவில் அந்த மருந்துக்கடை இருந்த இடத்தில் இப்போது கைப்பேசி விற்கிறார்கள்.

என் கல்யாணம் குறித்த தேதியிலேயே நடந்தது. எப்படி நடந்தது என்பதை இன்னும் சொல்லவில்லை.

முக்காலியில் உட்கார்ந்த அந்த வாரமே, ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்திலிருந்து நேராக எங்கள் தோட்டத்து வீட்டுக்கு வந்தார் அக்கா. மயில்கழுத்து நிறப் புடவை. செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று அம்மாவிடம் சொன்னார்.

“தப்பு என்னுதும்மா. கெளம்புங்க, லோபாக்குக்குப் போவோம்.”

“போயி என்னம்மா சொல்றது?”

“உள்ளத சொல்றது.”

“இதயெல்லாம் எப்படி வாய்விட்டுச் சொல்றது?”

“வாய்விட்டுச் சொல்லாததுதான அங்க வியாதியா போய் நிக்குது.”

அம்மா புடவை மாற்றப் போனார். நானும் அம்மாவும் அக்காவின் காரில் ஒன்றேகால் மணி நேரம் போனோம்.

லோபாக் வீட்டில் என் வருங்கால மாமா நாற்காலியில் உட்கார்ந்து தொலைக்காட்சியில் பந்து விளையாட்டு பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்று, மறுபடி உட்கார்ந்தார். மாப்பிள்ளை வேலை உடுப்போடு அறையிலிருந்து வந்து கதவோரம் நின்றார். வருங்கால அத்தை ரோஸ் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, சிரிக்காமல் எதிரில் அமர்ந்தார்.

அக்கா கண்ணாடிக் குவளையைத் தொடவில்லை.

“நான் பகாவ் மருந்துக்கடையில வேலை செய்யறேன்மா. உங்க காதுக்கு வந்த கத என் வாயிலேருந்துதான் கெளம்புச்சு. கடையில நான் சத்தமா ஒரு கேள்வி கேட்டேன். கேட்டவங்க மிச்சத்த அவங்களே சேத்துக்கிட்டாங்க. அதுக்கு உங்ககிட்டயும் மன்னிப்பு கேட்டுக்கறேன், இவங்ககிட்டயும் கேட்டுட்டேன். ஆனா என்ன விஷயம்னு நான் சொல்லமாட்டேன். அது இந்தப் பொண்ணோட ஒடம்பு. அவதான் சொல்லணும்.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அம்மா தரையைப் பார்த்தார். மலையில் சிரித்தபோது இருந்த தைரியம் எங்கே போனதென்று தெரியவில்லை.

“தொடை இடுக்குல ஒரு தழும்பு இருக்கு” என்றேன். “பத்தொம்பது வயசுல சூடா தே தாரிக் கொட்டிருச்சு. கறுப்பா ஆயிருச்சு. கல்யாணத்துக்குள்ள வெளுக்கணும்னு கண்ட கிரீமையும் வாங்கிப் போட்டேன், தோல் புண்ணாயிருச்சு. டாக்டர்கிட்ட போய்க்கிட்டு இருக்கேன். ஒட்டுற வியாதி இல்ல. தழும்பு முழுசா போகாதுன்னு சொல்லிட்டாங்க. போகாது.”

கடைசி வார்த்தையை ஏன் இரண்டு முறை சொன்னேன் என்று தெரியவில்லை.

கதவோரம் நின்றவர்தான் முதலில் பேசினார்.

“இப்ப எரியுதா?”

“முன்னக்கி இப்ப பரவால்ல.”

“சரி” என்றார். பிறகு, “அதுக்கு ஏன் ரெண்டு நாள் பதில் போடல? நான் என்னென்னமோ நெனச்சுட்டேன்” என்றார். இன்றுவரை அதைத்தான் சொல்லிக் காட்டுகிறார், தழும்பை அல்ல.

அத்தை எழுந்து, யாரும் குடித்து முடிக்காத குவளைகளைத் தட்டில் எடுத்து வைத்தார். சமையலறை வாசலில் நின்று திரும்பினார்.

“மருந்துக்கடைக்காரம்மா, கொஞ்சம் உள்ள வாங்க.”

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். வீடேறி வந்து சொன்னதற்கு உள்ளே வைத்து நன்றாகக் கொடுக்கப்போகிறார் என்றுதான் நாங்கள் நினைத்தோம். அக்கா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, அடி வாங்கப் போகிறவர் மாதிரி போனார். கதவு பாதி மூடியது. உள்ளே அத்தையின் குரல் முணுமுணுப்பாகக் கேட்டது. சொற்கள் புரியவில்லை. நீளமாகப் போனது. பிறகு ஒரு சின்ன நிறுத்தம்.

“மார்புக்கு அடியிலயா?” என்றார் அக்கா.

கூடத்தில் யாரும் அசையவில்லை.

“ரெண்டு பக்கமுமா? எத்தன வருஷமா?” முணுமுணுப்பு. “பதினோரு வருஷமா? வீட்டுல யாருகிட்டயும் சொல்லலியா?”

அம்மா மேலே சுழன்ற காற்றாடியை ஆராய்ந்தார். மாப்பிள்ளை சட்டைப்பையில் எதையோ தேடினார். மாமா நாற்காலியின் கைப்பிடியில் கிடந்த ரிமோட்டை எடுத்து, ஒரு கணம் யோசித்துவிட்டு, தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார்.

உள்ளே அக்காவும் கூட்டினார்.